உதயகலா ரீச்சரின் கோபம்

நெல்லியடிச் சந்தையிலிருந்து ஒரு மைல் உள்ளே போனால், காது கேளாத பிள்ளைகளுக்கான சிறிய பாடசாலை ஒன்று வரும். முப்பத்தொரு பிள்ளைகள், ஆறு ஆசிரியர்கள், ஒரு பழைய வான். அங்கே இருபது வருடமாகப் படிப்பிக்கிறாள் உதயகலா. வயது நாற்பத்துநான்கு. கணவர் சுபாஸ்கரன் நெல்லியடியில் தண்ணீர் மோட்டர் திருத்துகிற கடை வைத்திருக்கிறார். மகள் சாருஜா கிளிநொச்சியில் தங்கிப் படிக்கிறாள்.

காது கேளாத பிள்ளைகள் தாங்கள் பழகும் ஆட்களுக்குத் தாங்களே பெயர் வைப்பார்கள். பெயரின் எழுத்துகளை ஒவ்வொன்றாக விரலால் காட்ட நேரம் எடுக்கும் என்பதால், ஆளைக் கண்டதும் எது நினைவுக்கு வருகிறதோ அதைக் கையால் காட்டுவதுதான் வழக்கம். அதிபர் பத்மாசினியின் பெயர் மூக்குக்கண்ணாடி. வான் சாரதியின் பெயர் மீசை. உதயகலாவின் பெயரைச் சொல்ல, வாயின் இரண்டு ஓரங்களையும் இரண்டு விரல்களால் மேலே தள்ளுவார்கள். சிரிப்பு ரீச்சர்.

வீட்டிலும் அயலிலும் அவளைப் பற்றி அப்படித்தான் சொல்வார்கள். மாமியார் நோயில் கிடந்த நான்கு வருடமும் அவரது ஏச்சை எல்லாம் முகம் கோணாமல் கேட்டவள். கல்விக் கந்தோரில் யாராவது எரிந்து விழுந்தால் "பரவாயில்லை சேர்" என்று சொல்லிவிட்டு அடுத்த மேசைக்குப் போகிறவள். "உம்மோடை சண்டை பிடிக்கிறது பெரிய கஸ்ரமப்பா. சுவரோடை கதைக்கிற மாதிரிக் கிடக்கு" என்று சுபாஸ்கரன் பகிடியாகச் சொல்வார். அதற்கும் அவள் சிரிப்பாள்.

அந்த முகம் அவளுக்குப் பதினாறு வயதில் பழக்கப்பட்டது.

உதயகலா ஏழாலையில் வெங்காயத் தோட்டம் செய்த நடராசாவின் மகள். தொண்ணூற்றாறாம் ஆண்டு, தென்மராட்சியில் இடம்பெயர்ந்து இருந்துவிட்டுக் குடும்பம் ஊர் திரும்பியபோது, வீட்டுக்கும் பள்ளிக்கூடத்துக்கும் நடுவில் மூன்று இராணுவக் காவலரண்கள் முளைத்திருந்தன. ஒவ்வொன்றிலும் சைக்கிளால் இறங்கி, அடையாள அட்டையைக் காட்டி, உருட்டிக்கொண்டு போக வேண்டும். ஒருநாள் இரண்டாவது காவலரணில் அவளுடைய அண்ணன் ஜெயசுதனைப் பிடித்து வைத்துக்கொண்டார்கள். அவனிடம் ஒன்றும் இருக்கவில்லை. சோதித்தவனை முறைத்துப் பார்த்தான், அவ்வளவுதான். பதினொரு நாள் கழித்து விட்டார்கள். வீட்டுக்கு வந்தவனால் கையை உயர்த்திச் சட்டையைக் கழற்ற முடியவில்லை.

அவனைப் பிடித்த மறுநாள் காலையே தாய் பாலேஸ்வரி மகளை அலுமாரிக் கண்ணாடிக்கு முன்னால் கொண்டுபோய் நிறுத்தினார்.

"கண்ணைக் கீழை போடாதை, எதையோ ஒளிக்கிறாய் எண்டு நினைப்பாங்கள். நேரையும் பாக்காதை. வாயை இறுக்காதை பிள்ளை. சிரிக்கிற மாதிரி இருக்கவேணும், ஆனால் சிரிக்கக்கூடாது. ம், உதுதான். உப்பிடியே வைச்சுக்கொண்டு போ."

தினமும் காலையில் ஐந்து நிமிடம் அந்தப் பயிற்சி நடந்தது. அவள் உயர்தரம் முடிக்கும்வரை நடந்தது. பிறகு காவலரண்கள் குறைந்தன, கூடின, கடைசியில் ஒருவழியாக இல்லாமற்போயின. முகம் மட்டும் அப்படியே தங்கிவிட்டது. ஊரில் அதைப் பொறுமை என்றார்கள். அவளும் அதைத் தன் குணம் என்றே நம்பிக்கொண்டிருந்தாள்.

போன வருடம் ஆனி மாதம் பாடசாலைக்கு ஒரு கடிதம் வந்தது. யாழ்ப்பாண நகரத்தில் இளைஞர்கள் சிலர் சேர்ந்து சிறுவர் திரைப்பட வாரம் ஒன்று நடத்துகிறார்கள். குடும்பமாகப் பார்க்கக்கூடிய ஒரு கார்ட்டூன் படம், தமிழில் குரல் கொடுத்தது, தியேட்டரில் இலவசமாகக் காட்டுகிறார்கள். பிள்ளைகளை அழைத்து வரலாம்.

ஆசிரியர் அறையில் எல்லோருக்கும் சந்தோஷம். "கார்ட்டூன்தானே ரீச்சர். எங்கடை பிள்ளையளுக்குப் பாத்தாலே விளங்கும்" என்றாள் இளம் ஆசிரியை தயாளினி.

"படம் விளங்கும் தயாளினி. கதை விளங்காது" என்றாள் உதயகலா.

இரண்டு வருடத்துக்கு முன்னர் இப்படி ஒரு படத்துக்குப் பிள்ளைகளைக் கூட்டிப் போயிருந்தார்கள். அன்று அவள் திரையைப் பார்க்காமல் பிள்ளைகளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். தியேட்டர் சிரித்தபோது இந்தப் பிள்ளைகள் சிரிக்கவில்லை. பக்கத்து வரிசையைத் திரும்பிப் பார்த்தார்கள். அவர்கள் சிரிக்கிறார்கள் என்று கண்ட பிறகு இவர்களும் சிரித்தார்கள். ஒவ்வொரு தடவையும் அப்படியே. படம் முடியும்வரை முப்பது பிள்ளைகளும் மற்றவர்களின் சிரிப்பை இரவல் வாங்கிக்கொண்டிருந்தார்கள்.

இந்தத் தடவை அப்படி நடக்கவிடுவதில்லை என்று அவள் முடிவெடுத்தாள். திரைக்குப் பக்கத்தில் நின்று படம் முழுவதையும் கையால் சொல்வது. யாழ்ப்பாணத்தில் யாரும் அதுவரை செய்து அவள் கண்டதில்லை.

கடிதத்தில் இருந்த இலக்கத்துக்கு எடுத்தாள். ஒழுங்குபடுத்துகிற தர்சிகா என்ற பெண் கதைத்தாள். பக்கத்தில் நிற்கலாம், அதில் பிரச்சினை இல்லை என்றாள். ஆனால் படத்தின் பிரதியை முன்கூட்டித் தர முடியாது.

"வெளியிலை குடுக்கக்கூடாது எண்டு எழுதிக் கையெழுத்து வைச்சிருக்கிறம் அக்கா."

"அப்ப நான் அங்கை வந்து பாக்கலாமோ?"

"ஒருக்கால் வந்து பாருங்கோ, பரவாயில்லை."

உதயகலா ஒருக்கால் போகவில்லை. ஐந்து சனிக்கிழமைகள் காலை பஸ்ஸில் ஏறி யாழ்ப்பாணம் போய், தர்சிகாவின் சின்ன அறையில், விசிறி இல்லாத மூலையில் ஒரு கதிரையைப் போட்டு அந்தப் படத்தைப் பார்த்தாள். மொத்தம் பதினாறு தடவை. முதல் இரண்டு தடவை வசனம் முழுவதையும் கொப்பியில் எழுதினாள். பிறகு குரலை நிறுத்திவிட்டுப் பார்த்தாள். பிறகு படத்தைப் பாராமல் குரலை மட்டும் கேட்டாள். மூன்றாவது சனிக்கிழமைக்குப் பிறகு தர்சிகா அறைத் திறப்பை அவளிடமே கொடுத்துவிட்டுப் போகத் தொடங்கினாள்.

படத்தின் கதை இதுதான். ஒரு சிறுமி தன் ஓடத்தில் தனியாக ஒரு தீவுக்குப் புறப்படுகிறாள். ஓடத்தில் அவளோடு ஐந்து பிராணிகள் இருக்கின்றன. மஞ்சள் ஆட்டுக்குட்டி அவளுடைய மகிழ்ச்சி. அணில் அவளுடைய பயம். ஆமை அவளுடைய வெட்கம். சிவப்பு நண்டு அவளுடைய கோபம். பெரிய சாம்பல் கழுதை அவளுடைய துக்கம். சிரிக்கிறவர்களை மட்டும்தான் அந்தத் தீவில் இறங்க விடுவார்கள் என்று வழியில் யாரோ சொல்கிறார்கள். உடனே சிறுமி ஆட்டுக்குட்டியை மட்டும் வைத்துக்கொண்டு, மற்ற ஒவ்வொன்றையும் ஒவ்வொரு பாறையில் இறக்கிவிடுகிறாள். பிறகுதான் தெரிகிறது, முன்னால் கிடக்கிற பாறையைக் கண்டு அணில்தான் கத்தும் என்பதும், வலையில் சிக்கினால் கயிற்றை வெட்டுவது நண்டுதான் என்பதும், கழுதையின் பாரம் இல்லாவிட்டால் சின்ன அலைக்கும் ஓடம் கவிழப் பார்க்கும் என்பதும். தீவு கண்ணுக்குத் தெரிகிற தூரத்தில் அவள் ஓடத்தைத் திருப்பிக்கொண்டு போய் எல்லாவற்றையும் ஏற்றி வருகிறாள்.

எண்பத்திரண்டு நிமிடப் படம். அதைச் சைகைக்குக் கொண்டுவந்த பிறகு, சரிபார்க்க ஒருவர் வேண்டுமே. பிள்ளைகளுக்குக் காட்டினால் கதை முன்பே தெரிந்துவிடும். ஆகவே பிரவீணனிடம் போனாள்.

பிரவீணனுக்கு இருபத்தெட்டு வயது. பிறவியிலேயே காது கேளாதவன். இதே பாடசாலையில் உதயகலாவிடம் படித்து, இப்போது இதே பாடசாலையில் மரவேலை பழக்குகிறான். பாடசாலை விட்ட பிறகு மரத்தூள் பறக்கிற அந்தக் கொட்டிலில் ஒரு வாங்கில் அவன் உட்கார்ந்தான். அவள் முன்னால் நின்று தொடங்கினாள். ஆட்டுக்குட்டி வந்தபோது அவன் சிரித்தான். அணில் வந்தபோது தலையை ஆட்டினான். நண்டைப் பாறையில் இறக்கிவிடுகிற இடம் வந்தபோது கையை உயர்த்தி நிறுத்தினான்.

"திரும்பச் செய்யுங்கோ" என்று கையால் சொன்னான்.

செய்தாள்.

"உங்கடை கை, கோவம் எண்டு சொல்லுது. உங்கடை முகம், தேத்தண்ணி குடியுங்கோ எண்டு சொல்லுது" என்றான்.

உதயகலாவுக்குச் சிரிப்பு வந்தது. அவன் சிரிக்கவில்லை. சைகையில் பாதிச் சொல் முகத்தில் இருக்கிறது என்பதை அவள்தான் வருடாவருடம் புதிய ஆசிரியர்களுக்குச் சொல்லிக்கொடுக்கிறாள். புருவம் உயர்ந்தால் அது கேள்வி. கன்னத்தை ஊதினால் அது பெரியது. முகம் இல்லாத கோபம், கோபமே ஆகாது. மறுபடி செய்தாள். பிறகும் செய்தாள். ஒன்பதாவது தடவை பிரவீணன் தலையை அசைத்துவிட்டு எழுந்தான்.

"ரீச்சர், ஒண்டு கேக்கட்டோ? கனகாலமாக் கேக்க நினைச்சது."

"கேள்."

"எனக்குப் பதினொரு வயசிலை, ஒரு படிவம் நிரப்ப என்னைக் கூட்டிக்கொண்டு போனீங்கள். வரிசையிலை எங்களுக்குப் பின்னாலை நிண்ட ஒரு ஆள் என்னைக் காட்டி ஏதோ சொன்னவர். கன பேர் சிரிச்சவை. என்ன சொன்னவர் எண்டு எனக்குத் தெரியாது. நான் உங்கடை முகத்தைப் பாத்தனான். நீங்கள் சிரிச்சுக்கொண்டு நிண்டனீங்கள். அப்ப நல்லதுதான் சொல்லியிருக்கிறார் எண்டு நினைச்சு நானும் அவரைப் பாத்துச் சிரிச்சனான்."

உதயகலாவுக்கு அந்த நாள் நினைவிருந்தது. அந்த மனிதர் சொன்ன சொல்லும் நினைவிருந்தது.

"பிறகு பெரிய ஆளான பிறகு, ஆக்களின்ரை வாயைப் பாக்கப் பழகினன். அந்தச் சொல்லுக்கு வாய் எப்பிடிப் போகும் எண்டு விளங்கிச்சுது. ஊமை. அண்டைக்கு அவர் சொன்னது அதுதான், என்ன?"

அவள் ஓம் என்று தலையசைத்தாள்.

"உங்களிலை கோவம் இல்லை ரீச்சர். ஆனால் எங்களுக்கு ரேடியோ இல்லை, ஆக்களின்ரை குரல் இல்லை. உங்கடை முகம்தான் இருக்கு. அது பொய் சொன்னால் நாங்கள் எங்கை போறது?"

அவன் உளியை எடுத்துக்கொண்டு வேலைக்குத் திரும்பிவிட்டான். உதயகலா கொப்பியை மூடிக்கொண்டு வீட்டுக்கு நடந்தாள். அன்று சோறு வடித்தபோது கஞ்சி காலில் சிந்தியதுகூட அவளுக்குப் பிறகுதான் தெரிந்தது. அவன் சொன்னதை மறுக்க ஏதாவது கிடைக்குமா என்று தேடிப் பார்த்தாள். அவனைச் சமாதானமாக வைத்திருக்கத்தான் சிரித்தேன் என்று சொல்லலாம். அது பாதி உண்மை. மற்றப் பாதி, அந்த மனிதரை முறைத்துப் பார்க்க அவளுக்குத் தெரியவில்லை. தெரியவில்லை என்பதுகூட அன்றைக்கு அவளுக்குத் தெரியவில்லை.

மூன்று நாள் கண்ணாடிக்கு முன்னால் நின்று முயன்றாள். புருவத்தைச் சுருக்கினாள், பல்லைக் கடித்தாள். கண்ணாடியில் தெரிந்தது பல்வலிக்காரியின் முகம். குசினி வாசலில் நின்று பார்த்த சுபாஸ்கரன், "ஆரை நினைச்சு உந்தப் பாடு? என்னையோ?" என்று கேட்டார். அவள் நடந்ததைச் சொன்னாள். அவர் பகிடியை நிறுத்திவிட்டார்.

"கண்ணாடியை விடும். அண்ணையிட்டைப் போய்க் கதைச்சிட்டு வாரும்" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை ஏழாலைக்குப் போனாள். ஜெயசுதன் தோட்டத்தில் வெங்காயத்துக்குப் பாத்தி பாத்தியாகத் தண்ணீர் மாறிக்கொண்டிருந்தான். அவள் வரம்பில் நின்றபடியே கேட்டாள். இருபத்தெட்டு வருடத்தில் அதை அவனிடம் அவள் கேட்டதில்லை.

"அண்ணை, அண்டைக்கு முறைச்சதை நினைச்சு நீங்கள் பிறகு கவலைப்பட்டனீங்களோ?"

அவன் மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு யோசித்தான். "அடி வலிச்சது. உயிரோடை விடுவாங்களோ எண்டு பயந்தனான். ஆனால் முறைச்சதுக்கு ஒருநாளும் கவலைப்படேல்லை. அது என்ரை முகமெல்லோ." பிறகு அவளைப் பார்த்தான். "அந்தப் பதினொரு நாளும் நீ என்ன செய்தனி?"

அதை அதுவரை யாரும் அவளிடம் கேட்டதில்லை. அடிபட்டு வந்தவன் அவன். அழுதவர் அம்மா. அவளிடம் கேட்க என்ன இருந்தது?

"பள்ளிக்கூடம் போனனான்" என்றாள். "உங்களைப் பிடிச்ச அந்தச் சென்றியாலைதான் போகவேணும். உங்கடை சைக்கிளை அவங்கள் மதிலோடை சாத்தி வைச்சிருந்தவங்கள். ஒவ்வொரு நாளும் அதைக் கண்டுகொண்டு போனனான். நாலாம் நாள் மணி இல்லை. ஆறாம் நாள் பின்சில்லு இல்லை. அண்டைக்கு ஒருத்தன் என்ரை அடையாள அட்டையைப் பாத்திட்டு, தன்ரை தொப்பியைக் கழட்டி உங்கடை சைக்கிள் ஹாண்டிலிலை கொழுவினவன் அண்ணை. கொழுவிப்போட்டு என்னைப் பாத்தவன். நான் அம்மா சொன்ன முகத்தோடை நிண்டனான். அவன் என்னைப் பாத்துச் சிரிச்சவன். நான்..."

அவள் நிறுத்தினாள். வாய்க்காலில் தண்ணீர் நிரம்பி அடுத்த பாத்திக்குள் உடைத்துக்கொண்டு போனது. ஜெயசுதன் அதைக் கவனிக்கவில்லை.

"உதயா" என்றான் மெதுவாக. "நீ இப்ப முறைக்கிறாய்."

உதயகலா இரண்டு கைகளாலும் தன் முகத்தைத் தொட்டாள். புருவம் எங்கே இருக்கிறது, தாடை எவ்வளவு இறுகியிருக்கிறது, மூக்கின் இரண்டு பக்கமும் என்ன நடந்திருக்கிறது என்று குருடர் முகம் தடவுவதுபோல் தடவி வைத்துக்கொண்டாள். பிறகுதான் அழுதாள். அண்ணன் பக்கத்தில் வந்து, சேற்றுக் கையால் தொடுவதா வேண்டாமா என்று தெரியாமல் நின்றான்.

திங்கட்கிழமை மரவேலைக் கொட்டிலில் நண்டின் இடத்தைச் செய்து காட்டினாள். பிரவீணன் வாங்கிலிருந்து சற்றுப் பின்னுக்குப் போய்விட்டான்.

"இது சரி" என்றான். பிறகு யோசித்துவிட்டு, "ஆனால் நண்டு சின்னன் ரீச்சர். உது முதலை" என்றான்.

படத்துக்கு இன்னும் பத்து நாள் இருந்தது. ஒவ்வொரு நாளும் பாடசாலை விட்டு ஒரு மணி நேரம் பயிற்சி. கழுதை வருகிற இடம் மட்டும் அவளுக்குப் பிடிபடவில்லை. துக்கத்தைக் கொண்டுவந்தால் கை தடுமாறியது. கையைக் கவனித்தால் துக்கம் போய்விட்டது. பிரவீணன் அந்தப் பகுதியைத் தானும் பாடமாக்கிக்கொண்டான்.

சுபாஸ்கரன் விளக்குச் செய்தார். திரையில் வெளிச்சம் விழக்கூடாது, அவள் முகத்திலும் கையிலும் மட்டும் விழ வேண்டும். ஒரு பெரிய பால்மா ரின்னின் அடியை வெட்டி, உள்ளே கறுப்பு மை பூசி, சின்ன எல்.ஈ.டி. விளக்கொன்றை அதற்குள் பொருத்தினார். இரண்டு நாள் கடையைப் பாதியில் பூட்டிவிட்டு வந்து, வீட்டுச் சுவரில் அதைச் சரிபார்த்தார்.

படக்காட்சி ஆவணியில், ஒரு வெள்ளிக்கிழமை காலை. இருபத்தொன்பது பிள்ளைகள் முன் மூன்று வரிசையில் இருந்தார்கள். பின்னால் வேறு இரண்டு பாடசாலைப் பிள்ளைகளும் சில பெற்றோரும். உதயகலா கறுப்புச் சேலை உடுத்து, கை தெளிவாகத் தெரியும்படி, மேடையில் திரையின் இடது பக்கம் நின்றாள். படம் தொடங்கியது. ஆட்டுக்குட்டி தவறி வாளிக்குள் விழுந்தபோது பிள்ளைகள் சிரித்தார்கள். பின்வரிசைகள் சிரித்த அதே நேரத்தில் சிரித்தார்கள். ஒரு பிள்ளையும் பின்னால் திரும்பிப் பார்க்கவில்லை.

இருபதாவது நிமிடம், சிறுமி நண்டைத் தூக்கிப் பாறையில் வைக்கிற நேரம், விளக்கு அணைந்தது.

வயர் கழன்றுவிட்டதாக்கும் என்று முதலில் நினைத்தாள். குனிந்து பார்த்தபோது, தியேட்டர் முகாமையாளர் சுவரோரம் நின்று விளக்கின் சுவிட்சை நிறுத்தியிருப்பது தெரிந்தது. திரையில் படம் ஓடிக்கொண்டிருந்தது. முன்வரிசையில் பதின்மூன்று வயது ஆரணி இரண்டு கைகளையும் விரித்து, என்ன, என்ன என்று கேட்டாள். அவளுக்குப் பின்னால் இருந்தவர்களும் கேட்டார்கள்.

உதயகலா படியால் இறங்கி நேரே அவரிடம் போனாள்.

"ஏன் தம்பி லைற்றை நூத்தனீங்கள்?"

"பின்னாலை இருக்கிற ஒரு அம்மா, பிள்ளைக்குக் கண் கூசுதாம் எண்டு சொல்லுறா அக்கா. படம்தானே, அதுகள் பாத்து விளங்கும். நீங்கள் இருந்து பாருங்கோவன்."

"படத்தை நிப்பாட்டுங்கோ."

"அதெப்பிடி அக்கா நடுவிலை..."

"நிப்பாட்டுங்கோ. அங்கை இருக்கிற இருபத்தொம்பது பிள்ளையளுக்கும் இப்ப படம் ஓடேல்லை. அப்ப ஒருத்தருக்கும் ஓடவேண்டாம்."

அவள் குரல் உயர்ந்திருந்தது. பின்வரிசைகள் திரும்பின. தர்சிகா ஓடிவந்தாள். முகாமையாளர் இரண்டு கைகளையும் காட்டி, "அக்கா, கோவப்படாதேங்கோ, ஒரு நிமிசம் கதைப்பம்" என்றார்.

"கோவம்தான் தம்பி. லைற்றைப் போட்டிட்டுக் கதைப்பம்."

அவர் அவள் முகத்தைப் பார்த்தார். படம் ஓட்டுகிறவருக்குக் கையைக் காட்டினார். படம் நின்றது, மண்டபத்து விளக்குகள் எரிந்தன. உதயகலா பின்வரிசைக்குப் போய், கண் கூசியது எந்தப் பிள்ளைக்கு என்று கேட்டு, அந்தப் பிள்ளையின் கதிரைக்குப் பக்கத்தில் குந்தியிருந்து பார்த்தாள். உண்மைதான், ரின்னின் ஓரம் அந்தப் பக்கம் திரும்பியிருந்தது. மேலே போய் விளக்கை மூன்று அங்குலம் திருப்பினாள். "இப்ப?" என்று அங்கிருந்து கேட்டாள். "இப்பச் சரி" என்றார் அந்தத் தாய்.

படத்தை ஐந்து நிமிடம் பின்னுக்குப் போட்டு மறுபடி தொடங்கினார்கள். நண்டு வந்தது. நண்டு சின்னது என்பதை உதயகலா மறந்துபோனாள். பாறையில் தனியாக விடப்பட்ட நண்டு இரண்டு கொடுக்கையும் தூக்கி, "கயிறு இறுகும்போது என்னைத் தேடுவாய்" என்று கத்துகிற இடத்தில், முன்வரிசைப் பிள்ளைகள் ஒரேயடியாகக் கதிரையின் பின்பக்கம் ஒட்டிக்கொண்டார்கள். பிறகு எல்லோரும் கைகளை மேலே தூக்கி விரல்களை அசைத்தார்கள். அவர்களின் கைதட்டல் அது. பிரவீணன் வரிசை ஓரத்தில் நின்று, முதலை என்று காட்டினான். ஆனால் நிறுத்தச் சொல்லவில்லை.

கழுதையின் இடத்தில் அவளால் முடியவில்லை. சிறுமி ஓடத்தைத் திருப்பிக்கொண்டு வந்து, இருட்டிய பாறையில் அசையாமல் நிற்கிற கழுதையின் கழுத்தைக் கட்டிக்கொள்கிறபோது உதயகலாவின் கை நின்றுவிட்டது. கண்ணீர் வழிந்தது, துடைக்கவும் கை வரவில்லை. பிரவீணன் ஏறி வந்து வெளிச்சத்துக்குள் அவளுக்குப் பக்கத்தில் நின்று, விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தான். இரண்டு நிமிடம் இருக்கும். பிறகு அவள் கையை எடுத்துக்கொண்டாள். கடைசிவரை இரண்டு பேருமே நின்றார்கள்.

வானில் திரும்பி வரும்போது பிள்ளைகள் யாரும் வெளியே பார்க்கவில்லை. ஒருவர் முதுகில் ஒருவர் தட்டி, நண்டும் அணிலும் ஆமையுமாக நெல்லியடிவரை கதைத்துக்கொண்டு வந்தார்கள்.

இது இதோடு முடியவில்லை. அடுத்த கிழமை அதிபருக்குக் கடிதம் வந்தது. அனுமதி இல்லாமல் ஓர் ஆசிரியை காட்சியை நிறுத்தியது, சத்தம் போட்டது பற்றித் தியேட்டர்காரர் முறைப்பாடு செய்திருப்பதாகவும், ஒரு வருத்தக் கடிதம் தந்தால் நல்லது என்றும் திரைப்பட வாரத்தை ஒழுங்குபடுத்திய குழு எழுதியிருந்தது.

"ரெண்டு வரி எழுதித் தாரும் உதயகலா. பிரச்சினை முடிஞ்சிடும்" என்றார் பத்மாசினி.

அவள் இரண்டு பக்கம் எழுதினாள். என்ன நேரத்தில் விளக்கு அணைந்தது, யாரிடமும் கேளாமல் அணைத்தது யார், அப்போது பிள்ளைகள் எதைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள், பிறகு கண் கூசிய பிள்ளைக்காக விளக்கை எப்படித் திருப்பினாள் என்று எல்லாவற்றையும் எழுதினாள். குரல் உயர்த்தியதை ஒத்துக்கொண்டாள். காட்சியை நிறுத்தியதற்கு வருந்தவில்லை என்று தனி வரியில் எழுதினாள். அடுத்த வருடம் விளக்கும் இரண்டு மொழிபெயர்ப்பாளர்களும் நிகழ்ச்சித் திட்டத்திலேயே இருக்க வேண்டும் என்று முடித்தாள்.

அதிபர் இரண்டு தரம் வாசித்தார். "நீர் இப்பிடி எழுதுவீர் எண்டு நான் நினைக்கேல்லை" என்றார்.

"நானும் நினைக்கேல்லை மிஸ்."

பத்மாசினி மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு, கீழே தன் கையெழுத்தையும் வைத்து அனுப்பினார். ஒரு மாதத்துக்குப் பதில் இல்லை. பிறகு தர்சிகா எடுத்தாள். அந்தத் தியேட்டர் இனித் தராதாம். ஆனால் குழு வேறொரு மண்டபத்துக்குப் பேசியிருக்கிறது. விளக்கும் திட்டத்தில் இருக்கிறது. வேறு இரண்டு பேரை உதயகலா பழக்குவாளா என்று கேட்டாள். பழக்கலாம் என்றாள், ஆனால் ஒருவர் கட்டாயம் பிரவீணனாக இருக்க வேண்டும் என்றாள்.

வீட்டில் சின்னச் சின்ன மாற்றங்கள் வந்தன. அவள் களைத்து வருகிற நாளில் சுபாஸ்கரன் சாப்பிட்ட சோற்றுக் கோப்பையை மேசையில் விட்டுவிட்டு எழுந்தால் உதயகலாவுக்கு இப்போது கோபம் வருகிறது, வந்தால் சொல்கிறாள். முதல்முறை அவர் திகைத்துப் போனார். பிறகு கோப்பையை எடுத்துக்கொண்டு குசினிக்குப் போனார். பிள்ளைகள் அவளுடைய பெயரை மாற்றவில்லை. பெயர் அப்படி லேசாக மாறாது. இப்போதும் அவள் சிரிப்பு ரீச்சர்தான்.

இந்த வருடம் தை மாதத்திலிருந்து சனிக்கிழமை காலையில் பெற்றோருக்குச் சைகை வகுப்பு ஒன்றைத் தொடங்கியிருக்கிறாள். சம்பளம் இல்லாத வேலை. கேட்டு, எழுதி, திரும்பவும் கேட்டு, வானைக் கிழமையில் ஒரு நாள் கூடுதலாக ஓட்ட அனுமதி வாங்கியதும் அவள்தான். முதல் கிழமை மூன்று தாய்மார் வந்தார்கள். இப்போது பதினேழு பேர் வருகிறார்கள். வருகிற ஒரே தகப்பன் ஆரணியின் அப்பா. வடமராட்சிக் கரையில் கடற்றொழில் செய்கிறவர். பின்வாங்கில் இருந்து நான்கு கிழமை வாயே திறக்காமல் பார்த்துக்கொண்டிருந்தார். ஐந்தாவது கிழமை எழுந்து நின்றார்.

"ரீச்சர், எனக்கு இவளை ஏசிறதெப்பிடி எண்டு சொல்லித் தாங்கோ."

தாய்மார் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை.

"பகிடி இல்லை ரீச்சர். பதின்மூண்டு வருசமா எனக்குத் தெரிஞ்சது வா, சாப்பிடு, படு, இவ்வளவுதான். போன கிழமை சொல்லாமல் கொள்ளாமல் சைக்கிளை எடுத்துக்கொண்டு றோட்டாலை வந்திட்டாள். பின்னாலை லொறி வருது. இவளுக்குக் கேக்காது. நான் கரையிலை நிண்டு பாக்கிறன். நெஞ்சு நிண்டு போச்சுது. வந்து இறங்கினவளைப் பிடிச்சு ஏசவேணும் போலை கிடந்தது. கையிலை ஒரு சொல்லும் இல்லை. பேசாமல் வலையைத் தூக்கிக்கொண்டு போட்டன்."

உதயகலா அவரை முன்னால் கூப்பிட்டாள்.

"முதல் பயத்தைச் சொல்லுங்கோ. லொறி வந்தது, நான் பயந்தனான். இஞ்சை, நெஞ்சிலை கை. முகமும் பயப்படவேணும், சும்மா கையை மட்டும் ஆட்டினால் அவளுக்கு விளங்காது. பிறகு கோவம்."

அரை மணி நேரம் பழகினார். வலை இழுத்துத் தடித்த விரல்கள் லேசில் மடியவில்லை. ஆனால் முகத்தில் அவருக்கு ஒரு குறையும் இருக்கவில்லை. பழகி முடிந்ததும் முற்றத்தில் விளையாடிக்கொண்டிருந்த மகளின் தோளில் தட்டித் திருப்பினார். அவள் முன்னால் நின்று, லொறி, பயம், கோபம் எல்லாவற்றையும் ஒழுங்காகச் சொன்னார்.

ஆரணி வாய் திறந்தபடி பார்த்தாள். அப்பாவின் கையிலிருந்து இவ்வளவு சொல் வந்ததை அவள் கண்டதில்லை. பிறகு அவளுடைய கை பறக்கத் தொடங்கியது. அவர் ஒன்றும் விளங்காமல் உதயகலாவைத் திரும்பிப் பார்த்தார்.

"என்னவாம் ரீச்சர்?"

"லொறியைத் தான் முதலே கண்டிட்டாவாம். உங்களை மாதிரிப் போனிலை கதைச்சுக்கொண்டு றோட்டைக் கடக்கிற ஆள் தான் இல்லையாம்."

"அப்பிடியோ சொன்னவள்?" அவர் சேட்டுக் கையை முழங்கைக்கு மேலே மடித்துவிட்டார். "சரி. அதுக்கு மறுமொழி என்னெண்டு சொல்லுறது? கெதியாச் சொல்லித் தாங்கோ."